இரண்டு கார் உள்ள குடும்பம்

ஆகஸ்ட் 4

அன்புள்ள அப்பாவுக்கு,

வாண்டு எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன். விடுதிச் சாப்பாடு கொஞ்சம் மனது வைத்தால் இன்னும் நன்றாக இருப்பேன். உங்கள் முதுகு வலி எப்படி? காப்பகத்துக் குழந்தைகளைத் தூக்கித் தூக்கி அம்மா இன்னும் இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் வீட்டுக்கு வருகிறாளா?

போனில் பேசினால் இரண்டாவது நிமிடம் நீங்கள் கத்துகிறீர்கள், மூன்றாவது நிமிடம் நான் அழுகிறேன். அதனால் முக்கியமான விஷயத்தை எழுதியே சொல்கிறேன். கல்லூரி உதவித்தொகைப் பிரிவிலிருந்து பதில் வந்துவிட்டது. இங்கே மதிப்பெண்ணைப் பார்த்து உதவுவதில்லை, குடும்பத்தின் தேவையைப் பார்த்துத்தான் உதவுகிறார்கள். நம்மைப் போன்ற வீடுகளுக்குக் கட்டணம் முழுவதும் கிடைக்கும் என்று மூத்த மாணவர்கள் அடித்துச் சொன்னார்கள். எனக்குக் கால்வாசிதான் கிடைத்திருக்கிறது. மீதியை நாம் கட்ட வேண்டும். முதல் தவணை செப்டம்பர் 30, இரண்டாவது பிப்ரவரி 15. தவறினால் இடம் போய்விடும்.

என் அறைத்தோழிக்கு முழுதும் கொடுத்துவிட்டார்கள். அவள் அப்பா பேருந்து ஓட்டுகிறார். நீங்கள் மற்றவர்களுக்கு ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறீர்கள். இதில் இவ்வளவு வித்தியாசம் எங்கிருந்து வந்தது? படிவத்தில் என்னதான் எழுதினீர்கள்?

உடனே பதில் போடுங்கள். அம்மாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

உங்கள்
வாண்டு


ஆகஸ்ட் 12

என் அருமை வாண்டுவுக்கு,

அப்பாவின் ஆசிகள். நானும் அம்மாவும் சுகம். முதுகு அது இருக்கிற இடத்தில் இருக்கிறது.

படிவத்தைப் பற்றிச் சந்தேகமே வேண்டாம். பிரமாதமாக நிரப்பினேன். உனக்கு இந்தக் கதை தெரியாது. டிரைவிங் ஸ்கூல் ஆரம்பிக்கக் கார் வாங்க வேண்டும் என்று முதன்முதலில் வங்கிக்குப் போனபோது, உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுத்தேன். மேனேஜர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “போயிட்டு வாங்க” என்றார். இரண்டாவது முறையும் அதே. மூன்றாவது முறை ஒரு நண்பனின் கோட்டை மாட்டிக்கொண்டு போய், எல்லாவற்றையும் இரண்டு மடங்காக எழுதினேன். உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்துக் கடனும் கொடுத்தார். பணம் கேட்கப் போகிறவன் பணக்காரன் மாதிரி போக வேண்டும். அன்றைக்குப் படித்த பாடம் அது.

ஆகவே வருமானம் என்ற இடத்தில், தினமும் பத்துப் பேர் கற்றுக்கொள்ள வந்தால் என்ன வருமோ அதைப் போட்டேன். கார் இரண்டு என்று எழுதினேன். கொட்டகையில் செங்கல் மேல் நிற்கிறதே, எஞ்சின் இல்லாதது, அதுவும் கார்தானே? புதிதாக வருகிறவர்கள் கியர் போட்டுப் பழகுவதே அதில்தான். ‘குடும்பத்தின் சிரமங்கள்’ என்று அரைப் பக்கம் காலியாக விட்டிருந்தார்கள். ‘ஒன்றுமில்லை, நன்றாக இருக்கிறோம்’ என்று எழுதிக் கீழே கோடு போட்டேன். கோட் போட்ட புகைப்படத்தையும் ஒட்டினேன். இவ்வளவுக்குப் பிறகும் கால்வாசிதான் தருகிறார்கள் என்றால் அது அவர்களுடைய கஞ்சத்தனம்.

எதிர்த்தெரு டிரைவிங் ஸ்கூல்காரன், நம் ஹாரன், இந்த மாதம் கட்டணத்தைக் குறைத்திருக்கிறான். பிரேக் எங்கே என்று காட்டுவதற்கு முன்னால் ஹாரன் அடிக்கச் சொல்லிக்கொடுக்கிறவன் கட்டணத்தைக் குறைத்தால் என்ன, கூட்டினால் என்ன. அவனிடம் படித்து வருகிறவர்களால்தான் ஊரில் காது கேட்காதவர்கள் அதிகமாகிறார்கள்.

வழக்கம்போல ஆபீஸ் முகவரிக்கே எழுது. பகலில் வீடு பூட்டியிருக்கும்.

இப்படிக்கு
அப்பா

அம்மா எழுதுகிறேன்: தலைக்கு எண்ணெய் வைக்கிறாயா? ராத்திரி கண் விழித்துப் படிக்காதே. விடியற்காலையில் படி.


ஆகஸ்ட் 19

அன்புள்ள அப்பாவுக்கு,

இருவரும் நலமாக இருக்க வேண்டும் என்ற வேண்டுதலோடு எழுதுகிறேன். எண்ணெய் வைக்கிறேன் என்று அம்மாவிடம் சொல்லுங்கள், பாதி பொய்தான்.

உங்கள் கடிதத்தைப் படித்து முதலில் விழுந்து விழுந்து சிரித்தேன். அறைத்தோழி பயந்துபோனாள். பிறகு உட்கார்ந்து அழுதேன். அப்பா, இது கடன் இல்லை. இல்லாதவர்களுக்குத்தான் இங்கே கொடுக்கிறார்கள். நீங்கள் எவ்வளவு பந்தாவாக எழுதினீர்களோ அவ்வளவு வெட்டிவிட்டார்கள்.

மறுநாளே உதவித்தொகைப் பிரிவு மேடத்தைப் பார்க்கப் போனேன். சின்ன அறை, சுவர் முழுக்கக் கோப்புகள். நம் கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, “உங்க வீட்ல ரெண்டு கார் இருக்கேம்மா?” என்றார்.

“ஒண்ணுல எஞ்சின் இல்லை மேடம்.”

“எஞ்சின் இல்லாத காரை எதுக்கு வச்சிருக்கீங்க?”

“கியர் போட்டுப் பழக.”

பேனாவை மூடிவைத்துவிட்டு என்னைப் பார்த்தார். படத்தில் நீங்கள் போட்டிருந்த கோட்டையும் ஒரு தடவை பார்த்தார். “உங்கப்பா என்ன இருக்குன்னு எழுதிட்டார். என்ன இல்லைன்னு எழுதணும். மறுபரிசீலனைக்கு அவரே கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பச் சொல்லு, கூடவே வருமானச் சான்றும் வேணும். நீ சொன்னா செல்லாது. டிசம்பர் 20 கடைசி. ஆனா செப்டம்பர் பாதிக்குள்ள வந்துட்டா முதல் தவணையையும் குறைச்சுடலாம்” என்றார்.

அரைப் பக்கம் போதும் அப்பா. நிஜமாக எத்தனை பேர் கற்றுக்கொள்ள வருகிறார்கள், வாடகை எவ்வளவு, பெட்ரோலுக்கு எவ்வளவு போகிறது என்று மட்டும் எழுதுங்கள்.

உங்கள்
வாண்டு


செப்டம்பர் 2

வாண்டுவுக்கு,

நலம். நீயும் அப்படியே என்று நம்புகிறேன்.

பதில் எழுதத் தாமதமானதற்குக் காரணம் கோபம். உன் மேல் இல்லை, அந்த அரைப் பக்கத்தின் மேல். நாலு தடவை எழுத உட்கார்ந்தேன். ‘எங்களிடம் இல்லை’ என்று எழுதக் கை வரவில்லை. முகம் தெரியாத ஒருவருக்கு நம் வீட்டுப் பானையைத் திறந்து காட்டச் சொல்கிறாய். பஞ்சப்பாட்டு பாடிப் பிள்ளையைப் படிக்கவைத்தான் என்ற பேர் எனக்கு வேண்டாம். நாளைக்கு நீ டாக்டராகி நிற்கும்போது உன்னை யாரும் இளக்காரமாகப் பார்க்கக் கூடாது.

முதல் தவணையை நான் கட்டுகிறேன். எப்படி என்று கேட்காதே. நீ எலும்பை எண்ணு, நான் பணத்தை எண்ணுகிறேன்.

அப்பா

அம்மா எழுதுகிறேன்: அப்பாவிடம் இதைப் பற்றிக் கொஞ்ச நாள் பேசாதே. உடம்பைப் பார்த்துக்கொள்.


அக்டோபர் 1

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே மழை விட்டுவிட்டது, என் சளியும் விட்டுவிட்டது. உங்கள் இருவருக்கும் சுகம்தானே?

பணம் வந்து சேர்ந்தது. முழுத் தொகையும், கெடுவுக்கு இரண்டு நாள் முன்னால். ரசீதை இத்துடன் வைத்திருக்கிறேன். நன்றி என்று எழுதினால் திட்டுவீர்கள், எழுதாவிட்டால் எனக்குத் தாங்காது. எழுதிவிட்டேன்.

ஆனால் இவ்வளவு பணம் எங்கிருந்து வந்தது அப்பா? கடன் வாங்கினீர்களா? இரண்டாவது தவணைக்கு என்ன செய்யப் போகிறீர்கள்? டிசம்பர் 20 வரைக்கும் மேடம் கோப்பை மூடமாட்டார். நீங்கள் எழுதினால் போதும். இனி கேட்கமாட்டேன் என்று சொல்ல மாட்டேன். கேட்டுக்கொண்டேதான் இருப்பேன்.

நேற்று முதன்முதலாக ஸ்டெதஸ்கோப்பை வைத்து ஒரு நிஜ மனிதரின் இதயத்தைக் கேட்டோம். சொல்லித்தந்த டாக்டர், “என்ன கேக்குது?” என்றார். எனக்கு என் இதயம் அடிப்பதுதான் கேட்டது. பயத்தில் இரண்டும் கலந்துவிட்டன.

உங்கள்
வாண்டு


நவம்பர் 9

அன்பு வாண்டுவுக்கு,

எல்லோரும் சுகம். பதில் போட ஐந்து வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது, மன்னித்துக்கொள். கற்றுக்கொள்ள வருகிற கூட்டம் தாங்கவில்லை. மூச்சு விட நேரமில்லை.

பணத்தைப் பற்றி நீ மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். இருந்தது, அனுப்பினேன். பிப்ரவரிக்கும் ஏதாவது செய்யலாம்.

ஹாரனைப் பற்றி நான் முன்பு கொஞ்சம் அதிகமாகவே பேசிவிட்டேனோ என்று தோன்றுகிறது. ஆள் மோசமில்லை. ஹாரன் அடிக்கச் சொல்லித்தருவதிலும் ஒரு நியாயம் இருக்கிறது, பயந்தவர்களுக்கு அது தைரியம் கொடுக்கிறது. அவனுடைய வண்டியில் கிளட்ச் மிருதுவாக இருக்கிறது. டீ நேரத்தைச் சரியாகக் கொடுக்கிறான்.

இனிமேல் வீட்டு முகவரிக்கே எழுது. ஆபீஸில் வெள்ளையடிக்கிறார்கள்.

அப்பா


நவம்பர் 30

அப்பா,

நான் நலம். நீங்கள் நலமா என்று இந்தத் தடவை சம்பிரதாயத்துக்குக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்கிறேன்.

பதினைந்தாம் தேதி எழுதிய கடிதத்தில் கை பழக்கத்தில் ஆபீஸ் முகவரியைப் போட்டுவிட்டேன். நேற்று அது திரும்பி வந்தது. உறை மேல் தபால்காரர் எழுதியிருக்கிறார்: ‘டிரைவிங் ஸ்கூல் காலி செய்துவிட்டது. இப்போது பூக்கடை.’

வெள்ளையடிக்கிறார்களா அப்பா? பூக்கடைக்கா?

உங்கள் போன கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். அம்மா கீழே இரண்டு வரி எழுதாமல் ஒரு கடிதம் வந்ததே இல்லை. அதில் இல்லை. எதிரியின் வண்டியில் கிளட்ச் மிருதுவாக இருப்பது உங்களுக்கு எப்படித் தெரியும்? டீ நேரத்தை அவர் யாருக்குக் கொடுக்கிறார்? காரை விற்றுத்தான் முதல் தவணையைக் கட்டினீர்கள். இப்போது ஹாரன் மாமாவிடம் வேலைக்குப் போகிறீர்கள். இல்லை என்று சொல்லுங்கள் பார்ப்போம்.

எனக்குக் கோபமாக இருக்கிறது. நீங்கள் விற்றதற்கு இல்லை. விற்றுவிட்டுக் கூட்டம் தாங்கவில்லை என்று எனக்குக் காதில் பூ சுற்றினீர்களே, அதற்கு.

திட்டுவதற்கு எனக்கும் முழு யோக்கியதை இல்லை. ஆகஸ்டிலிருந்து வாரம் மூன்று மாலை ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிக் குழாய்களைக் கழுவுகிறேன். உங்களுக்குத் தெரிந்தால் வருத்தப்படுவீர்கள் என்று எழுதவில்லை. அப்பனுக்குத் தப்பாத பெண்.

உங்கள்
வாண்டு


டிசம்பர் 6

என் கண்ணே வாண்டு,

நாங்கள் இருவரும் உடம்புக்கு நலம். மனதுக்கு நேற்றுவரை அப்படி இல்லை.

நீ எழுதியது அத்தனையும் சரி. செப்டம்பர் இருபதாம் தேதி காரை விற்றேன். வாங்கினவன் ஓட்டிக்கொண்டு போனபோது கிளட்சை வெடுக்கென்று விட்டான், எனக்கு நெஞ்சில் உதைத்த மாதிரி இருந்தது. கார் இல்லாத டிரைவிங் ஸ்கூலுக்கு ஆபீஸ் எதற்கு? அக்டோபர் பாதியில் காலி செய்தேன். செங்கல் மேல் நின்றதைப் பழைய இரும்புக்குக் கொடுத்தேன். பத்து நாள் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். பதினோராவது நாள் ஹாரனே வீட்டுக்கு வந்தான். கதவருகே நின்றுகொண்டு, “அண்ணே, எனக்குச் சொல்லிக்குடுக்க ஆள் பத்தலை. நீங்க வந்தா எனக்கு உதவியா இருக்கும்” என்றான். இருபது வருஷமாக அவனைக் கேலி பண்ணியிருக்கிறேன். உதவி கேட்கிற மாதிரி உதவி செய்துவிட்டுப் போனான். அன்றைக்கு அவன் முன்னால் எனக்கு வாய் கூசியது.

உன்னிடம் சொல்லாததற்குக் காரணம் வெட்கம்தான். வேறு காரணம் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. நீ குழாய் கழுவுகிறாய் என்று படித்ததும் அம்மா எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டாள். நான் யாருக்காக இந்த மானத்தைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது.

அந்த அரைப் பக்கத்தை எழுதுகிறேன். என்னென்ன வேண்டும் என்று தெளிவாகச் சொல்.

அப்பா

அம்மா எழுதுகிறேன்: போன தடவை எழுதச் சொன்னார், பொய்க்குக் கீழே எழுத மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். குழாய் கழுவும்போது கையுறை போட்டுக்கொள்.


டிசம்பர் 10

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

கையுறை போட்டுக்கொள்கிறேன். எல்லோரும் நலமாக இருப்போம், இன்னும் பத்து நாளைக்காவது.

உங்கள் கடிதத்தை எடுத்துக்கொண்டு மேடத்திடம் ஓடினேன். நிலைமை மாறியிருப்பதால் நம் கோரிக்கை இன்னும் வலுவாகிறதாம். “இதைத்தாம்மா நான் ஆகஸ்ட்ல இருந்து கேட்டுட்டிருக்கேன்” என்றார். வேண்டியது இரண்டுதான். ஒன்று உங்கள் கைப்பட எழுதிய விளக்கம். இன்னொன்று ஹாரன் மாமாவிடமிருந்து சம்பளச் சான்று. இரண்டும் 20ஆம் தேதிக்குள் மேடத்தின் மேசைக்கு வந்தாக வேண்டும். ஒரு நாள் பிந்தினாலும் அவர் கையில் ஒன்றும் இல்லை.

கோட் போட்ட படம் வேண்டாம் அப்பா.

உங்கள்
வாண்டு


டிசம்பர் 15

அன்பு வாண்டுவுக்கு,

நலம். இன்று காலை விரைவுத் தபாலில் எல்லாவற்றையும் அனுப்பிவிட்டேன். ஒரு நாள் முன்பே போயிருக்க வேண்டியது. ஏன் தாமதம் என்று கேள்.

ஹாரன் நேற்றே சான்று எழுதி, முத்திரை குத்தி, உறையில் போட்டு ஒட்டியும் கொடுத்தான். தபாலாபீஸ் வரிசையில் நிற்கும்போது ஏதோ உறுத்தியது. பிரித்துப் பார்த்தால், நான் வாங்கும் சம்பளத்தைப் போல இரண்டரை மடங்கு எழுதியிருக்கிறான்! பதவி ‘தலைமைப் பயிற்சியாளர்’ என்று வேறு. திரும்ப ஓடினேன். “என்னய்யா இது?” என்றேன். “காலேஜுக்குப் போற பேப்பர் அண்ணே. உங்களுக்கு ஒரு மரியாதை வேணாமா?” என்கிறான். “மரியாதையெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம், உள்ளதை எழுதுய்யா” என்றேன். “இவ்வளவு கம்மியாத் தர்றேன்னு எழுத எனக்குக் கஷ்டமா இருக்குண்ணே” என்று முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டான். அவனுக்கு அரைமணி நேரம் பாடம் நடத்தி, பக்கத்தில் உட்கார்ந்து எழுதவைத்தேன். ஆகஸ்டில் நீ என்னிடம் என்ன பாடு பட்டிருப்பாய் என்று புரிந்தது.

என் விளக்கத்தின் நகல் கீழே. நீ படிக்க வேண்டும் என்று அம்மா சொல்கிறாள்.

‘அம்மா அவர்களுக்கு வணக்கம். முதல் படிவத்தில் நான் எழுதியது, எனக்கு வர வேண்டும் என்று ஆசைப்பட்ட வருமானம். வந்தது அதில் மூன்றில் ஒரு பங்கு. இரண்டு கார் என்று எழுதினேன். ஒன்று ஓடாது. ஓடியதை விற்று மகளின் முதல் தவணையைக் கட்டினேன். இப்போது எங்களிடம் கார் இல்லை, தொழில் இல்லை, சேமிப்பு இல்லை. நான் கூலிக்கு வண்டி ஓட்டச் சொல்லித்தருகிறேன். என் மனைவி குழந்தைகள் காப்பகத்தில் வேலை செய்கிறாள். வாடகை போக மிஞ்சுவது சாப்பாட்டுக்குத்தான். பிப்ரவரித் தவணையை எங்களால் கட்ட முடியாது. இல்லை என்று எழுதி எனக்குப் பழக்கமில்லை, குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். என் மகள் நன்றாகப் படிக்கிறவள். என் எழுத்தை வைத்து அவளை எடைபோட வேண்டாம்.’

அப்பா

அம்மா எழுதுகிறேன்: இதை அவர் ஒரே மூச்சில் எழுதினார். எழுதிவிட்டு நன்றாகத் தூங்கினார்.


ஜனவரி 24

அப்பா! அம்மா!

நலம் விசாரிப்பதெல்லாம் கடைசியில்.

முழுதும் கிடைத்துவிட்டது! பிப்ரவரித் தவணை கட்ட வேண்டாம். படிப்பு முடிகிறவரை கட்டணம் கிடையாது, வருஷா வருஷம் சான்று மட்டும் அனுப்பினால் போதும். முதல் தவணையாகக் கட்டினதை விடுதிக் கணக்குக்கு மாற்றிவிட்டார்கள். அதனால் அடுத்த வருஷம் முடியும்வரை என் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நீங்கள் ஒரு காசு அனுப்ப வேண்டாம்.

மேடம் கூப்பிட்டு உட்காரச் சொல்லிவிட்டுத்தான் சொன்னார். நான் உட்கார்ந்தபடியே மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதுவிட்டேன். அவர் கோப்புகளை நகர்த்தி எனக்கு இடம் பண்ணிக் கொடுத்தார். “குழு கூட்டத்துல உங்கப்பா எழுதினதை நான் சத்தமாப் படிச்சேன்மா. யாரும் ஒரு கேள்வி கேட்கலை” என்றார். ஆய்வுக்கூட வேலையையும் விடச் சொல்லிவிட்டார். மாலை நேரம் படிப்புக்கு வேண்டுமாம்.

வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருக்கிறது. ஆறு மாதமாக ராத்திரி படுத்தால் பிப்ரவரி 15 என்ற தேதிதான் கண் முன்னால் நிற்கும். இனி அது வெறும் ஒரு தேதி.

சுகமாக இருக்கிறீர்களா? நான் இவ்வளவு சுகமாக இருந்ததே இல்லை. ஹாரன் மாமாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

உங்கள்
வாண்டு


பிப்ரவரி 2

என் கண்ணான வாண்டுவுக்கு,

நாங்கள் மிக நலம். மூன்று பேர் சார்பாகவும் எழுதுகிறேன், ஹாரனையும் சேர்த்து.

உன் கடிதம் வந்த அன்று அம்மாவுக்கு விடுமுறை. உறையைப் பிரித்துப் படித்துவிட்டு, கட்டியிருந்த புடவையோடு தெருவுக்கு ஓடிவந்துவிட்டாள். நான் ஒரு அம்மாளுக்கு வளைவில் திருப்பச் சொல்லித்தந்துகொண்டிருந்தேன். எதிரே உன் அம்மா இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நடுரோட்டில் நிற்கிறாள். ஓட்டுகிற அம்மாள் அலறிவிட்டார். நல்லவேளை, என் பக்கத்திலும் ஒரு பிரேக் இருக்கிறது.

இறங்கிப் போய் ஓரத்தில் நின்று படித்தேன். இரண்டு தடவை படித்தேன். எழுத்து கலங்கிக்கொண்டே இருந்தது. வண்டிக்குள்ளிருந்து அந்த அம்மாள், “என்னாச்சு சார், ஏதாவது கெட்ட செய்தியா?” என்றார். “இல்லம்மா. எங்களால கட்ட முடியாதுன்னு எழுதினேன், என் பொண்ணுக்குப் படிப்பைக் குடுத்துட்டாங்க” என்றேன். அதை ஒரு வெளியாளிடம், நடுத்தெருவில், சத்தமாகச் சொன்னேன். எனக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை.

ஒரு விஷயத்தை உன்னிடம் இன்னும் சொல்லவில்லை. இனி மறைக்கக் கூடாது. அக்டோபரில் நான் பதில் போடாத அந்த ஐந்து வாரமும் உனக்கு ஒரு கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன். பிப்ரவரிக்கு என்னால் முடியாது, படிப்பை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிடு என்று. எழுதி முடித்து, உறையில் போட்டு, உன் விலாசமும் எழுதி, தபால்தலை ஒட்டிச் சட்டைப் பையில் வைத்திருந்தேன். தபால்பெட்டி வரை போவேன், திரும்பி வந்துவிடுவேன். டிசம்பரில் விளக்கத்தை அனுப்பின பிறகும் அது பையில்தான் இருந்தது. கேட்டது கிடைக்காவிட்டால் அதைப் போட்டுத்தானே ஆக வேண்டும்? தினமும் காலையில் சட்டை மாற்றும்போது அதையும் மாற்றி வைத்துக்கொள்வேன். அம்மாவுக்குக்கூடத் தெரியாது.

அன்று ரோட்டோரத்தில் நின்றே அதை வெளியே எடுத்துக் கிழித்தேன். நாலாக, எட்டாக, இன்னும் சின்னதாக. அம்மா பக்கத்தில் நின்று, “என்னங்க அது?” என்றாள். சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள், விடவே இல்லை. வண்டிக்குள் உட்கார்ந்திருந்த அம்மாள் எவ்வளவு நேரம்தான் பொறுப்பார்? ஹாரன் அடித்தார்.

நன்றாகப் படி. வேளைக்குச் சாப்பிடு.

அப்பா

அம்மா எழுதுகிறேன்: கீழே விழுந்த துண்டுகளையெல்லாம் நான்தான் பொறுக்கி அடுப்பில் போட்டேன். ஒன்றுகூட மிச்சமில்லை. நீ அங்கேயே இருந்து படி கண்ணு.